மூன்று காசுக் கொடி

18 ஆகஸ்ட் 1997, திங்கள்

இந்த டைரி ராயப்பன் வாஸ் ஐஸ் கம்பெனி வருஷப் பிறப்புக்கு இலவசமாகக் கொடுத்தது. ஏழரை மாதம் என் அரிசிப் பானைக்கு மூடியாக இருந்தது. இன்று முதல் இதற்குப் பதவி உயர்வு.

காரணம், நேற்று ஊர்க் கமிட்டி என்னிடம் ஒரு வேலையை ஒப்படைத்திருக்கிறது. சுதந்திரப் பொன்விழா வருஷம் என்பதால் கோவில் வளாகத்தில் ஒரு கல் நடப்போகிறார்கள். யுத்த காலத்தில் இருந்த எங்கள் கூம்பன்துறைக் கடற்கரைக் காவல் தொண்டர் படையின் நினைவாக. பெயர்தான் இவ்வளவு நீளம். ஜப்பான்காரன் கடல் வழியாக வந்துவிடுவானோ என்று சர்க்கார் பயந்தபோது, எங்கள் ஊர் மீன்பிடிகாரர்கள் முப்பத்திரண்டு பேர் முறை வைத்துக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். துப்பாக்கி கிடையாது. ஆளுக்கு ஒரு தொப்பி, ஒரு துடுப்பு. படைக்கு மொத்தமாக ஒரு விசில், அது என் அப்பாவிடம் இருந்தது. ஜப்பான்காரன் வரவில்லை. வந்திருந்தால் என் அப்பா ஊதியிருப்பார்.

கல்லின் தலையில் அந்தப் படையின் கொடியை நான் வர்ணத்தில் வரைய வேண்டும். முப்பத்தைந்து வருஷம் டிராயிங் மாஸ்டராக இருந்தவனுக்கு இதென்ன பெரிய வேலை என்று தலையாட்டிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. படையில் இருந்தவர்கள் யாரும் இன்று உயிரோடு இல்லை, அந்தக் கொடி எப்படி இருந்தது என்று மற்றவர் ஒருவருக்கும் நினைவில்லை. 1943-ல் காணாமல் போனது.

செப்டம்பர் 20 மிக்கேல் அதிதூதர் திருவிழாக் கொடியேற்றம். அன்றே கல்லும் திறப்பு. ஒரு மாதம் இருக்கிறது.

குழம்பு அடிப்பிடித்துவிட்டது.

19 ஆகஸ்ட்

ராயப்பன் வீட்டிலிருந்து போட்டோ வாங்கி வந்தேன். படைக்கு இருக்கும் ஒரே போட்டோ. நடுவில் நாற்காலியில் ராயப்பனின் தகப்பனார், படைத் தலைவர், மீசையோடு. என் அப்பா கழுத்தில் விசில். வலது ஓரத்தில் கொடிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சூசை மிராண்டா. கொடியைக் காக்கும் பொறுப்பு அவருக்கு. அவர்தான் அதைத் தொலைத்தவரும்.

போட்டோ எடுத்த அன்று காற்றே இல்லை போலிருக்கிறது. கொடி ஈரத் துண்டு மாதிரி தொங்குகிறது. கீழ்ப்பாதியில் ஒரு துடுப்பின் நுனி தெரிகிறது. அதற்குப் பக்கத்தில் பிறை போல ஒரு வளைவு. மற்றதெல்லாம் மடிப்புக்குள். நிறம் கறுப்பு வெள்ளை.

ராயப்பன் போட்டோவைக் கொடுக்கும்போது ஒரு யோசனையும் சொன்னார். "வாத்தியாரே, அந்தச் சூசையை மட்டும் வெட்டிட்டு பிரிண்ட் போட முடியுமா?" வெட்டினால் கொடியும் சேர்ந்து போய்விடும் என்று காட்டினேன். முகம் சுருங்கிவிட்டது.

20 ஆகஸ்ட்

சட்டைப் பட்டன் ஒன்று கழன்றது. போகிற வழிதானே என்று பிரிஜித்தின் தையல் கடையில் கொடுத்தேன். பிரிஜித் சூசையின் மகள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கோவிலுக்கு எதிரே ஒற்றை மெஷினை வைத்துக்கொண்டு, ஊரில் பாதிப் பேரின் ஜாக்கெட் அளவையும் மீதிப் பேரின் ரகசியத்தையும் மனதில் வைத்திருப்பவர். அவர் வீட்டுக்கு ஊரில் வேறு பெயர், "கொடிமுழுங்கி வீடு". கடிதம்கூட அந்த விலாசத்துக்குச் சரியாக வந்துவிடும்.

"எவ்வளவு நேரம் ஆகும்?" என்றேன்.

"ஒரு பட்டனுக்கா சார்? மூச்சு விடுத நேரம்."

கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மின்விசிறி நல்ல காற்று.

22 ஆகஸ்ட்

ஊர் முழுக்கச் சுற்றி விசாரித்தேன். ஒரு கட்சிக்காரர் கொடி சிவப்பு என்று சத்தியம் செய்தார். இன்னொரு கட்சிக்காரர் பச்சை என்றார். மூன்றாமவர் இரண்டு நிறத்தைச் சொல்லி, எது மேலே எது கீழே என்பது வரைக்கும் விவரித்தார். மூன்று பேரும் 1950-க்குப் பிறகு பிறந்தவர்கள்.

பிறை என்ன என்று கேட்டதற்கு நிலா, மீன், தோணி, நற்கருணை அப்பம், பாதி கடித்த வடை என்று ஐந்து பதில். வடை சொன்னது டீக்கடைக்காரர்.

நான் வரைந்து வைத்திருந்த முதல் மாதிரியைப் பக்கத்து வீட்டு ஆடு தின்றுவிட்டது. அது எந்தக் கட்சி என்று தெரியவில்லை.

24 ஆகஸ்ட், ஞாயிறு

பூசை முடிந்து கமிட்டிக் கூட்டம். கல்லில் யார் யார் பெயர் என்று பட்டியல் வாசித்தார்கள். ராயப்பன் எழுந்து, சூசை மிராண்டா பெயர் வேண்டாம் என்றார்.

"எங்கப்பா வெள்ளைக்கார அதிகாரி முன்னால வெறுங்கம்பத்துக்குச் சலாம் போட்டாரு. முப்பத்தொரு பேரும் போட்டாங்க. பக்கத்து ஊர்க்காரன் இன்னைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கான். அதுக்குக் காரணமானவன் பேரு கல்லுல இருக்கணுமா?"

அதென்னவோ உண்மைதான். எனக்கு அப்போது ஆறு வயது. 1943 திருவிழா. கொடியேற்றம் முடிந்து மூன்றாம் நாள் ஜீப்பில் அதிகாரி திடீரென்று வந்து இறங்கினார். கடற்கரையில் படை வரிசையாக நின்றது. கம்பம் நின்றது. கம்பத்தில் ஒன்றும் இல்லை. சூசை வாயே திறக்கவில்லை. அதிகாரி திட்டிவிட்டு, கோவிலுக்கு வந்து எங்கள் கொடிமரத்தடியில் தொப்பியைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டுப் போனார். வெறுங்கம்பத்தைப் பார்த்து நான் சிரித்ததற்கு அப்பா முதுகில் ஒன்று வைத்தார். சூசை அதற்குப் பிறகு முப்பது வருஷம் உயிரோடு இருந்தார். கடைசி வரை அந்தக் கொடியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

முப்பத்தொரு பெயர் போதும் என்பவர்கள் கை தூக்கச் சொன்னார்கள். பெரும்பாலோர் தூக்கினார்கள். நான் தூக்கினேனா என்று சரியாக நினைவில்லை. தோள் வலிக்காக அடிக்கடி கையைத் தூக்கி இறக்குவது எனக்கு வழக்கம்.

பிரிஜித் பெண்கள் பக்கம் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். கூட்டம் முடிவதற்குள் எழுந்து போய்விட்டார்.

25 ஆகஸ்ட்

ஒன்றும் செய்யவில்லை. தண்ணீர் வந்தது. பிடித்தேன்.

27 ஆகஸ்ட்

நீலச் சட்டையிலும் ஒரு பட்டன் போய்விட்டது. இந்தக் காலத்து நூலில் பலம் இல்லை.

பிரிஜித் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்துப் போனேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "எங்கப்பா பேரு அந்தக் கல்லுல இருக்கணும் சார். எனக்கு வேற ஆசை ஒண்ணும் கிடையாது" என்றார். அழவில்லை. பட்டனைத் தைத்து, நூலைப் பல்லால் கடித்து, சட்டையை உதறிக் கொடுத்தார்.

"கொடி கிடைத்தால் கமிட்டி யோசிக்கும்" என்று அதிகாரி மாதிரி ஏதோ சொன்னேன்.

"அப்போ தேடுங்க" என்றார். "போட்டோவைக் கொண்டு வாங்க. பெரிய லென்ஸ் ஒண்ணு வச்சிருக்கேன்."

30 ஆகஸ்ட்

லென்ஸில் பார்த்தோம். மஞ்சள் துணி ஒன்றைத் தைத்துக்கொண்டே, தலையைத் தூக்காமல், "சார், கம்பத்தோரமா மூணு வட்டம் தெரியுதே, அது என்னது?" என்றார்.

மூன்று பித்தளை வளையங்கள். கயிறு கோப்பதற்கு. அவர் கேட்காவிட்டாலும் நானே கவனித்திருப்பேன். குறித்துக்கொண்டேன்.

கருவாடு வாங்கினேன். பூனை பாதியைத் தின்றது.

3 செப்டம்பர்

சந்தன நிறச் சட்டை. பட்டன். கத்தரிக்கோலை எங்கே வைத்தேன் என்று அரை மணி நேரம் தேட வேண்டியிருந்தது.

கடையில் மூன்று பெண்கள் இருந்தார்கள். என்னைப் பார்த்ததும் ஒருத்தி மற்றவளை இடித்தாள். காரணம் விளங்கவில்லை.

6 செப்டம்பர்

நூலகத்தில் கிடைத்த புத்தகத்தில் உலகத்துக் கொடிகளெல்லாம் இருந்தன. ராணுவக் கொடி, கப்பல் கொடி, பறங்கிப் பட்டாளத்துக் கொடி. கூம்பன்துறைக் கொடி இல்லை. எதிர்பார்த்ததுதான்.

ராயப்பன் அவசரப்படுத்தியதில் கல் ஆசாரி சுடலைமுத்து வேலையை ஆரம்பித்துவிட்டார். போய்ப் பார்த்தேன். ஏழு பெயர் கொத்தியாகிவிட்டது. என் அப்பாவின் பெயர் மூன்றாவது. கருங்கல்லில் வெள்ளை எழுத்து. கையால் தடவிப் பார்த்தேன். சந்தோஷமாக இருந்தது. உடனே வெட்கமாகவும் இருந்தது.

8 செப்டம்பர்

நம் திருவிழாக் கொடியைப் பற்றி எழுத வேண்டும். வெளியூர்க்காரர் யாராவது இந்த டைரியைப் படித்தால் அவருக்குப் புரியாது.

கூம்பன்துறைத் திருவிழாக் கொடி பறக்காது. தொங்கும். ஆதிகாலத்து வழக்கம் ஒன்று இருக்கிறது. சாமி ஜெபித்து மந்திரித்த துணியைத் தூக்கி எறியக் கூடாது என்று, ஒவ்வொரு வருஷமும் பழைய கொடியின் மேலேயே புதுத்துணியை வைத்துத் தைப்பார்கள். ஒரு வருஷம் முன்பக்கம், அடுத்த வருஷம் பின்பக்கம். இப்போது அது மெத்தை கனம், பதினைந்து கிலோவாவது இருக்கும். நான்கு பேர் கயிறு இழுக்க வேண்டும்.

கம்பத்தோரத் துணிக்குள் மூன்று இடத்தில் வட்டமாக, கெட்டியாகத் தட்டுப்படும். அதிதூதரின் மூன்று காசு என்பார்கள். முன்னோர் யாரோ புண்ணிய பூமியிலிருந்து கொண்டுவந்து உள்ளே வைத்துத் தைத்ததாம். கொடி பவனி வரும்போது ஊரே அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும். பரீட்சை எழுதும் பிள்ளைகள் மூன்றையும் வரிசையாகத் தேய்ப்பார்கள். நானே தேய்த்திருக்கிறேன். கணக்கில் மட்டும் அது வேலை செய்யவில்லை.

இவ்வளவும் எழுதியதற்குக் காரணம், வருஷத் தையலுக்காக அந்தக் கொடியைத் தன் கடைக்குத் தூக்கி வர இன்று பிரிஜித் என்னைக் கூப்பிட்டிருந்தார். அவருடைய அம்மா கித்தேரியம்மாள் காலத்திலிருந்து கொடித் தையல் அந்த வீட்டில்தான். கூலி கிடையாது. கொடிமுழுங்கி வீட்டுக்கு எதற்குக் கொடித் தையல் என்று ஒரு காலத்தில் சிலர் ஆட்சேபித்தார்களாம். கித்தேரியம்மாள் கோவில் வாசலில் உட்கார்ந்து மூன்று நாள் சாப்பிடாமல் இருந்து அந்த உரிமையை வாங்கினாராம். வேறு யாரையும் அதில் ஊசி வைக்க விட்டதில்லை.

"ஊர்ல எத்தனையோ இளவட்டம் இருக்கே, என்னை ஏன் கூப்பிட்டீங்க?" என்றேன்.

"அளவு எடுக்கத் தெரிஞ்ச ஆளு வேணும் சார். வரையுத கைக்குத்தான் அளவு பிசகாது."

உண்மைதானே.

9 செப்டம்பர்

கம்பத்தோரத்தை இரண்டு மணி நேரம் பிடித்துக்கொண்டு நின்றேன். தோள் கழன்றுவிட்டது. பிரிஜித் புதுத்துணிக்கு அடையாளம் வைக்க வேண்டும் என்று, "மூணு காசுக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளின்னு அளந்து, மறக்காம எழுதி வச்சுக்கிடுங்க" என்றார்.

முதல் காசுக்கும் இரண்டாவதற்கும் பதினாறு அங்குலம். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இருபத்திரண்டு அங்குலம். முன்னோர் அளவே பார்க்காமல் வைத்திருக்கிறார்கள். என் மாணவனாக இருந்தால் தலையில் குட்டியிருப்பேன்.

எனக்கு மீன் குழம்பு கொடுத்து அனுப்பினார். பாத்திரத்தை நாளைக்கே திருப்பிக் கொடுக்க வேண்டும்.

10 செப்டம்பர்

பாத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தேன். வெறும் பாத்திரம் கொடுக்கக் கூடாது என்று சீனி போட்டுக் கொடுத்தேன். நான் கடையிலேயே விட்டிருந்த போட்டோவையும் என்ன காரணத்தாலோ மேசை மேல் எடுத்து வைத்திருந்தார். பக்கத்தில் ஒரு ஸ்கேல் கிடந்தது.

"அளவுல்லாம் கரெக்டாத்தானே எழுதியிருக்கீய?" என்றார்.

"நான் எழுதினால் கரெக்டாகத்தான் இருக்கும்" என்றேன்.

"பதினாறு, இருபத்திரண்டு?"

"ஆமாம்."

பெருமூச்சு விட்டுப் போட்டோவை என் கையில் கொடுத்தார். வேலை அதிகம் போலிருக்கிறது, பாவம்.

11 செப்டம்பர்

கண்டுபிடித்துவிட்டேன்!

காலையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது சட்டென்று புத்தியில் தட்டியது. யாரும் சொல்லித் தரவில்லை. வாயில் பற்பசையோடு ஓடிப்போய்ப் போட்டோவை எடுத்து, மூன்று வளையங்களின் இடைவெளியை ஸ்கேலில் அளந்தேன். எட்டு மில்லிமீட்டர். பதினொரு மில்லிமீட்டர். எட்டுக்குப் பதினொன்று என்றால், பதினாறுக்கு இருபத்திரண்டு. கணக்கில் நான் மோசம்தான். ஆனாலும் மூன்று தடவை போட்டுப் பார்த்தேன், அதேதான் வந்தது.

மூன்று காசு காசே அல்ல. பித்தளை வளையம். காணாமல் போன கொடி திருவிழாக் கொடியின் வயிற்றுக்குள் இருக்கிறது. ஐம்பத்துநாலு வருஷமாக நாங்கள் எல்லோரும் அதைத் தொட்டுக் கும்பிட்டிருக்கிறோம். அந்த வெள்ளைக்காரர் கம்பத்தில் காணவில்லை என்று திட்டிவிட்டு, நேரே வந்து அதற்குக் கீழேதான் தொப்பியைக் கழற்றினார்.

பிரிஜித்திடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "அப்படியா சார்!" என்று மெஷினை நிறுத்தினார். நான் சொல்லி முடிப்பதற்குக் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்திவிட்டாரோ என்று இப்போது தோன்றுகிறது. என் மூளைக்கு நானே சபாஷ் சொல்லிக்கொண்டேன்.

12 செப்டம்பர்

பங்குப் பாதிரியார் ஹிலாரி சாமியிடம் சொன்னேன். அவர், "பிரிச்சுப் பார்க்காம எப்படித் தெரியும்?" என்றார். "பிரிக்கிறது பாவமா சாமி?" என்றேன். "தையலைப் பிரிக்கிறது பாவம்னா தையல்காரங்க யாருமே மோட்சத்துக்குப் போக முடியாதே. ஆனா ஊரு சம்மதிக்கணும். ஞாயித்துக்கிழமை கூட்டத்துல பேசும்."

ராயப்பனுக்கு விஷயம் எட்டிவிட்டது. சாயங்காலம் வாசலில் வந்து நின்றார். "வாத்தியாரே, உமக்குப் பட்டன் தைக்கிற ஜோலி இருந்தா அதைப் பாரும். கொடியில யாராவது பிளேடு வச்சீங்கன்னா நான் பொல்லாதவன்" என்று சொல்லிவிட்டுப் போனார். பட்டனை ஏன் இழுத்தார் என்று புரியவில்லை.

சுடலைமுத்து முப்பத்தொரு பெயரையும் கொத்தி முடித்துவிட்டார். கீழே ஒரே ஒரு வரிக்கு இடம் இருக்கிறது. அதில் "உபயம்: ராயப்பன் வாஸ்" என்று வர வேண்டும். திங்கட்கிழமை கொத்துவாராம்.

13 செப்டம்பர்

ஆகஸ்ட் 24 அன்று எழுதியதைத் திருத்துகிறேன். நான் கை தூக்கினேன். தோளில் வலி எதுவும் இல்லை. ராயப்பன் என்னைப் பார்த்தார், தூக்கிவிட்டேன்.

14 செப்டம்பர், ஞாயிறு

நடந்ததை ஒன்று விடாமல் எழுதிவிடுகிறேன்.

கூட்டத்தில் முதலில் அந்தக் கை தூக்கலைச் சொன்னேன். "போன தடவை நான் தப்புப் பண்ணிட்டேன். கையை வாபஸ் வாங்குதேன்" என்றேன். சிலர் சிரித்தார்கள். பிறகு போட்டோவையும் அளவுகளையும் காட்டினேன். ஒரே கூச்சல். மூன்று காசைச் சந்தேகப்படுவதா என்றார்கள். என் பரீட்சை, உன் பரீட்சை, அவள் பிரசவம் என்று ஆளாளுக்குச் சாட்சி சொன்னார்கள்.

ராயப்பன் கையை உயர்த்திக் கூச்சலை அடக்கினார். "சரி, பிரிக்கோம்னே வச்சுக்கிடுவோம். உள்ள ஒண்ணும் இல்லைன்னா?"

பெண்கள் பக்கத்திலிருந்து பிரிஜித் எழுந்தார். அந்தக் கோவிலில் அவர் பேசி நான் கேட்டதே இல்லை.

"ஒண்ணும் இல்லைன்னா, எங்கப்பா பேரை நான் இனிமே எங்கேயும் கேக்க மாட்டேன். கொடித் தையலையும் விட்டுருதேன். ஊரு எங்களை என்ன பேரு சொல்லிக் கூப்பிடுதோ அதையே வாசல்ல எழுதி மாட்டிக்கிடுதேன்."

சாமி, "பிரிங்கம்மா" என்றார்.

பீடத்துக்கு முன்னால் பாய் விரித்துக் கொடியைக் கிடத்தினோம். பிரிஜித் மண்டியிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டு ஒரு ஓரத்துத் தையலைப் பிரிக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு துணியாகத் திருப்பத் திருப்ப, பெண்கள் அடையாளம் சொன்னார்கள். இது என் மகன் பிறந்த வருஷத்துத் துணி. இது புயல் அடித்த வருஷம், புதுத்துணி வரவில்லை என்று கித்தேரியம்மாள் பாய்மரத்துணியை வெட்டி வைத்தாள். இது சாயம் போகிறது என்று சண்டை வந்த சிவப்பு. அரை மணி நேரம் ஊரே தன் வயதைத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆதிகாலத்து வழக்கம் என்றோமே, அந்தப் பக்கத்தின் இருபத்தேழாவது துணியோடு வழக்கம் முடிந்துவிட்டது. அதற்கு முன்னால் எதுவுமே இல்லை.

கடைசியாக அரக்கு நிறத்தில் ஒரு பழைய பட்டுப்புடவைத் துண்டு. தொட்டால் பொடிந்தது. பிரிஜித் அதைத் தூக்கவில்லை, கையை மட்டும் அதன்மேல் வைத்துக்கொண்டார். "இது எங்கம்மா கல்யாணச் சேலை" என்றார்.

அதற்குக் கீழே இருந்தது.

சிவப்பு இல்லை. பச்சை இல்லை. மூன்றாமவர் சொன்ன இரண்டு நிறமும் இல்லை. காப்பி நிறம். கிழவர் ஒருவர் குனிந்து மோந்து பார்த்துவிட்டு, "ஏ, இது வலைக்குக் காய்ச்சுத சாயம்லா!" என்றார். யுத்த காலத்தில் வேறு சாயம் எங்கே கிடைக்கும்? வலை மக்காமல் இருக்க மரப்பட்டையைக் காய்ச்சித் தோய்ப்பார்கள். அதே அண்டாவில் கொடியையும் போட்டு எடுத்திருக்கிறார்கள். அதனால்தான் பட்டு பொடிந்தும் இது அப்படியே இருக்கிறது. நடுவில் வெள்ளை நூலில் ஒரு துடுப்பு. பக்கத்தில் பிறை இல்லை, வடையும் இல்லை. கண். தோணி முகப்பில் எழுதுகிற மாதிரி, நன்றாகத் திறந்திருக்கிற ஒரு கண். ஓரத்தில் மூன்று பித்தளை வளையம், இடைவெளி தப்பாக.

அப்புறம்தான் பிரிஜித் சொன்னார். அந்த வருஷம் துணிக்கு ரேஷன். திருவிழாக் கொடிக்கு ஒரு முழம்கூடக் கிடைக்கவில்லை. கொடி இல்லாமல் திருவிழாவா என்று பெண்களெல்லாம் அழுதிருக்கிறார்கள். கித்தேரியம்மாள் தன் கல்யாணச் சேலையை வெட்டினார். ஆனால் பட்டு கடல்காற்றில் ஒரு நாள் தாங்காது, உள்ளே கெட்டியாக ஒன்று வேண்டும். புருஷனிடம் படைக் கொடியைக் கேட்டார். பத்து நாளில் திருப்பித் தந்துவிடுவதாகச் சொன்னார். மூன்றாம் நாளே ஜீப் வந்துவிட்டது.

"சர்க்கார் கொடியை உள்ள வச்சுத் தச்சது தெரிஞ்சா அம்மாவுக்கு ஜெயில். அதனால அப்பா பேசல. வெள்ளைக்காரன் போன பொறவு சொல்லலாம்னு இருந்தாரு. அதுக்குள்ள நீங்கள்லாம் மூணு காசுன்னு தொட்டுக் கும்பிட ஆரம்பிச்சிட்டீய. ஊரு கும்பிடுததை எப்படிச் சொல்லிக் கெடுக்கன்னு வாயை மூடிக்கிட்டாரு. முழுங்கினவன்னு பேரு வாங்கிக்கிட்டாரு."

ராயப்பன் கொடிக்கு முன்னால் வந்து நின்றார். அந்தக் கண்ணைப் பார்த்தார். பிறகு செருப்பில்லாத காலைச் சேர்த்து வைத்து, வயிறு முன்னால் தள்ள நிமிர்ந்து, ஒரு சலாம் போட்டார். அறுபத்தெட்டு வயசு. யாரும் சிரிக்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. மூக்குக் கண்ணாடியைத் துடைப்பது போல் சமாளித்தேன், சமாளிக்க முடியவில்லை.

15 செப்டம்பர்

காலையில் சுடலைமுத்து வீட்டு முன்னால் ராயப்பன் எனக்கு முன்பே நின்றுகொண்டிருந்தார். கல்லில் இடம் இல்லையே என்று ஆசாரி தலையைச் சொறிந்தார்.

"அதான் கீழே ஒரு வரி இருக்கே."

"அது உங்க உபயத்துக்குல்லா அண்ணாச்சி?"

"உபயம் கெடக்கட்டும். சூசை மிராண்டான்னு போடும். கொஞ்சம் பெரிய எழுத்தாவே போடும்."

என்னைப் பார்த்து, "கல்லுக்கு நாந்தான் கொடுத்தேன்னு ஊருக்குத் தெரியாதா என்ன?" என்றார். நேற்றிலிருந்து அதை எழுபது பேரிடமாவது அவரே சொல்லியிருப்பார்.

16 செப்டம்பர்

பிரிஜித்திடம் நேரடியாகவே கேட்டேன். "உங்களுக்கு முதல்லயே தெரியும், இல்லையா?"

"அம்மா சாகும்போது சொல்லிச்சு. யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் வாங்கிக்கிடுச்சு." மெஷினுக்கு எண்ணெய் விட்டார். "நீங்களே கண்டுபிடிச்சா நான் என்ன செய்ய முடியும்? அதுக்கு ஒண்ணும் சத்தியம் பண்ணலியே."

மூன்று வட்டம், அளவு, ஸ்கேல், பெருமூச்சு. பழைய பக்கங்களைத் திரும்பப் படித்தேன். பதினோராம் தேதிப் பக்கத்தைக் கிழித்துவிடலாம் என்று நினைத்தேன். வேண்டாம், இருக்கட்டும். கடைசிக் கணக்கைப் போட்டது நான்தானே.

20 செப்டம்பர், சனி

கொடியேற்றம்.

பிரித்த துணிகளையெல்லாம் மந்திரித்துப் பெட்டியில் வைத்தாயிற்று. இந்த வருஷக் கொடி இரண்டே துணி. முன்பக்கம் புது வெள்ளை, பின்பக்கம் அந்தக் காப்பி நிறம், கண்ணும் துடுப்பும் வெளியே தெரிய. பவனியில் வளையங்களைத் தொட வழக்கத்தைவிட நீளமான வரிசை. பித்தளை என்று தெரிந்தும் பிள்ளைகள் தேய்த்தார்கள். ராயப்பனின் பேத்தி மூன்றையும் இரண்டு சுற்று தேய்த்தாள்.

கயிறு இழுக்க வழக்கம்போல நான்கு பேர் நின்றார்கள். ஒரே இழுப்பில் கொடி உச்சிக்குப் போய்விட்டது, நான்கு பேரும் பின்னால் விழுந்தார்கள். அப்போது மேலே படபடவென்று ஒரு சத்தம். எல்லோரும் பயந்து அண்ணாந்து பார்த்தோம். கொடி பறந்துகொண்டிருந்தது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்தச் சத்தமே பழக்கமில்லை. என் சட்டைப் பையில் அப்பாவின் விசில் இருந்தது. ஊதிவிட்டேன்.

கல்லைத் திறந்தார்கள். தலையில் நான் வரைந்த கொடி, கண் கொஞ்சம் பெரிதாகிவிட்டது. கீழே முப்பத்திரண்டு பெயர். பிரிஜித் கடைசி வரிக்கு முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தையும் விரலால் எழுதிப் பார்த்தார். எழுந்திருக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். அவ்வளவு பேர் பார்த்துக்கொண்டிருந்தும் உடனே விடவில்லை.

21 செப்டம்பர், ஞாயிறு

வெள்ளைச் சட்டைப் பட்டனோடு கடைக்குப் போனேன். வாங்கி, நூல் முனையை லென்ஸில் வைத்துப் பார்த்தார்.

"இது அறுந்ததில்ல சார், வெட்டினது. இதுவரைக்கும் வந்த நாலும் வெட்டினதுதான்."

நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"சட்டை பாவம். சும்மாவே வாங்க" என்றார்.

22 செப்டம்பர்

எல்லாப் பட்டனும் இருக்கிறது. போனேன்.